டிக்கு அணிலின் குரல்

பாக்கியசீலன் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் பாளையங்கோட்டையில் அவரைக் கிளார்க் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. கிறிஸ்தவக் கோவில் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர் என்றால்தான் தெரியும். ஞாயிறு ஆராதனைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை நடக்கும். மழையோ வெயிலோ, மனைவிக்குக் காய்ச்சலோ, அந்த ஒத்திகையை அவர் ஒரு வாரம் விட்டதில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. இருக்கட்டும்.

மனைவி சாரம்மாள் மழலையர் பள்ளியில் டீச்சர். வாய் ஓயாது. தெருவில் காக்கைகூட அவள் பேசி முடித்த பிறகுதான் கரையும் என்று பாக்கியசீலனே கேலி செய்வார். அந்தத் தொண்டைக்குத்தான் புற்றுநோய் வந்தது. மகள் ரீபாவின் கல்யாணம் முடிந்த மறு வருஷம், சென்னையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போயிற்று. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைத் தந்தார்கள். தகர டப்பா பேசுவது போலிருக்கிறது என்று அவள் அதை அலமாரியில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துச் சிலேட்டையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டாள். ஆளாளுக்குக் கையில் போன் வந்து குரலைப் பதிந்து அனுப்பும் காலம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

பதினைந்து வருஷத்துக்கு மேல் சிலேட்டோடு ஓடிவிட்டது. போன ஆண்டு ஒரு நாள் வங்கியில் இருவரும் வரிசையில் நிற்கும்போது, நாற்பதைத் தொட்ட ஒருவன் குழந்தையும் கையுமாக ஓடி வந்தான். பெயர் வன்னியராஜ், கங்கைகொண்டானில் தொழிற்சாலை வேலை.

"டீச்சர், நீங்க டிக்கு அணில்தான? மருதமரத்து வீடு! கேபிள்ல வருமே. ஒருக்கா டிக்கு மாதிரி பேசுங்க டீச்சர், எம்புள்ளை கேக்கட்டும்."

உள்ளூர் கேபிளில் ஒரு காலத்தில் வந்த பிள்ளைகள் நிகழ்ச்சி அது; டிக்கு என்ற பொம்மை அணிலுக்குக் குரல் கொடுத்தவள் சாரம்மாள். அவனுக்கு விஷயம் தெரியாது. சாரம்மாள் கழுத்தில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுக்கொண்டு சிரித்தாள். பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள். வன்னியராஜுக்கு முகம் செத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சிலேட்டை எடுத்து எழுதினாள்: 'என் சத்தம் எப்படி இருக்கும்? எனக்கே மறந்துபோச்சு.'

பாக்கியசீலன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். என்ன சொல்வது? நல்லா இருக்கும் என்றார். பாடகர் குழுவின் நாலு குரலில் எந்தக் குரல் அரைச் சுரம் இறங்கினாலும் கண்டுபிடிக்கிற மனுஷனுக்குப் பெண்டாட்டியின் குரல் ஞாபகம் இல்லை. ரீபாவின் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தார். அதில் சாரம்மாள் பந்தி பந்தியாக ஓடி ஓடிப் பேசுகிறாள். ஆனால் அந்தக் கால வழக்கப்படி முழு கேசட்டுக்கும் பாட்டு ஏற்றி வைத்திருந்தார்கள். வாய் மட்டும் அசைந்தது. அன்றைக்கே முடிவு செய்தார்: அந்த அணிலைத் தேடிப் பிடிப்பது. சாரம்மாளிடம் சொல்லவில்லை. கிடைக்காமல் போனால் அவளை வீணாக அழ வைத்ததாகிவிடும்.

வெட்கக்கேடு என்னவென்றால், மருதமரத்து வீட்டை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது சனிக்கிழமை சாயங்காலம் வரும். அவர் ஒத்திகையில் இருப்பார். எனவே சொந்தப் பெண்டாட்டியின் கதையை ஊராரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. வன்னியராஜிடமிருந்து தொடங்கினார். ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். அணில் இல்லை, பூனை என்றார் ஒருவர். மரத்தடியில் எடுத்தது என்றார் இன்னொருவர். பிறந்தநாள் பிள்ளைகளின் பெயரை டிக்கு வாசிக்கும், தன் பெயரைத் தப்பாக வாசித்ததால் இரண்டு நாள் அழுதேன் என்று ஒரு வக்கீல் சொன்னார். எல்லாருக்கும் டிக்கு ஞாபகம் இருந்தது. டிக்கு எப்படிப் பேசும் என்று கேட்டால் கீச்சுக் கீச்சென்று எதையோ செய்து காட்டிவிட்டு, "இப்படி இல்ல சார், வேற மாதிரி" என்றார்கள்.

கடைசியில் எஸ்றாவைப் பிடித்தார். அப்போது கேபிள் நடத்தியவன் அவன்தான். கல்யாண வீடியோவும் அவன்தான் எடுப்பான். இப்போது முட்டு வலியோடு சமாதானபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான்.

"தையக்கடை மாடியில ஒரு ரூமு சார். பச்சை வேட்டியத் தொங்கவிட்டு மருதமரம்னு சொல்லுவோம். டீச்சர் காலுறையில தைச்ச அணிலு. சாயங்காலம் எடுப்போம், உடனே கேபிள்ல விடுவோம். இருபத்துநாலு மணி நேரமும் கார்ட்டூன் ஓடுத சேனல் வந்தது பாருங்க, அதோட ஒரு பயலும் பாக்கல. நிறுத்திட்டோம்."

"கேசட்டு எங்கப்பா?"

எஸ்றா தலையைச் சொறிந்தான். "புதுக் கேசட்டுக்கு நான் எங்கன போவேன் சார்? நிகழ்ச்சி போட்டு முடிச்சதும் அதே கேசட்டுலதான் கல்யாணத்தைப் பதிஞ்சு கொடுத்துருவேன்."

பாக்கியசீலன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எஸ்றாவே தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஆனா சார், கல்யாணம் சின்னதா இருந்து கேசட்டு மிச்சம் விழுந்துச்சுன்னா, அந்த வாலுல டிக்கு அப்படியே கிடக்கும்."

அப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் சாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே பேசினார்கள். எஸ்றாவுக்கு ஞாபகம் இருந்த கல்யாண வீடுகளுக்கெல்லாம் போனார். முக்கூடலில் ஒரு வீட்டில் கேசட்டில் பூஞ்சை பிடித்து நாடா ஒட்டிக்கிடந்தது. பெருமாள்புரத்தில், கேசட்டு இருக்கிறது, புருஷன்தான் இல்லை, கோர்ட்டில் தீர்ந்துபோன கல்யாணத்தை எதற்குக் கேட்கிறீர்கள் என்று ஒரு பெண் கதவைச் சாத்தினாள். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டவர்கள்தான் அதிகம். பஸ்ஸில் அலைந்து அலைந்து மனுஷனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் ஏதோ வேலை என்று சாரம்மாளிடம் பொய் சொன்னார்.

மேலப்பாளையத்தில் மஹ்மூதா பீவி வீட்டில்தான் விடிவு வந்தது. அவருடைய கணவர் அகமது மீரான் சவுதியில் வேலைக்குப் போன இடத்திலேயே இறந்து அங்கேயே அடக்கமானவர். பாக்கியசீலன் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் அந்த அம்மா முகம் மலர்ந்தது.

"அணிலா? எங்க நிக்காஹ் கேசட்டுல கடைசியில வருமே! எம்புள்ளை சின்னதுல அந்த அணிலுக்காகவே வாப்பா கல்யாணத்தைப் போடும்மான்னு அடம் பிடிக்கும். அது வாப்பா மொகத்தைப் பாத்தது இந்தக் கேசட்டுலதான், அணிலைப் பாத்ததும் இதுலதான்."

அலமாரியிலிருந்து துணி சுற்றிய கேசட்டை எடுத்து வந்தார். கொடுக்கக் கை வரவில்லை. "அவுக நடமாடுறது இதுல மட்டுந்தான் இருக்கு. பத்திரம் அண்ணாச்சி" என்றார். பாக்கியசீலன் அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் எஸ்றா பழைய வீடியோ டெக்கைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சாரம்மாள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பாக்கியசீலன் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, "ஒண்ணும் கேக்காத சாரா, பாரு" என்றார்.

தஃப் கொட்டு முழங்க மாப்பிள்ளை வந்தார். மாலை, விருந்து, சிரிக்கிற அகமது மீரான். திரை ஒரு தடவை கோடு கோடாகக் கலைந்தது. பச்சை வேட்டி தெரிந்தது. அதன் முன்னால் ஒற்றைக் காது மடங்கிய ஓர் அணில் எழுந்து கையை ஆட்டியது.

சாரம்மாளின் கை தன் வாயைப் பொத்திக்கொண்டது.

அணில் பேசியது. வாயைத் திறந்து மூடி, தலையை ஆட்டி ஆட்டி என்னவெல்லாமோ பேசியது. கேட்டது என்னவோ தஃப் சத்தமும் மாப்பிள்ளை வாழ்த்துப் பாட்டும்தான். எஸ்றா நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ சார், பாட்டு ஏத்தப் போட்டுட்டுச் சாப்பிடப் போயிருக்கேன். வால் வரைக்கும் ஏறிட்டு."

இத்தனை அலைச்சலும் இதற்குத்தானா? குரல் போனவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஊமை அணிலைக் காட்டுகிறோமே, நான் மனுஷன்தானா என்று பாக்கியசீலன் தன்னையே திட்டிக்கொண்டார். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். சாரம்மாள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். அவளுடைய இன்னொரு கையின் விரல்கள் மடியில் கூம்பி, அணிலின் வாய் திறக்கும்போதெல்லாம் திறந்தன.

அணில் டாட்டா காட்டிக் கீழே போயிற்று. வெறும் பச்சை வேட்டி. நிகழ்ச்சி எடுத்த அன்றைக்கு எஸ்றா கேமராவை அணைக்க மறந்திருந்தான். திடீரென்று பாட்டு நின்றது. சாப்பிட்டு வந்தவன் பாட்டு ஏற்றுவதை அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நாற்காலி இழுபடும் ஓசை. பிள்ளைகள் யாரோ சிரித்தார்கள். அதற்கு மேலே, சற்றுத் தடித்து, முடிவில் சிரிப்பு ஏறுகிற ஒரு பெண்ணின் குரல்:

"எஸ்றா, போதும்லே. தொண்டை வறண்டு போச்சு. வீட்டுக்குப் போயி அவுககிட்ட பேச எனக்கு ஒரு வார்த்தையாவது மிச்சம் வேண்டாமா?"

அவ்வளவுதான். டெக் 'டக்' என்று நின்று, தானாகவே பின்னோக்கிச் சுற்றத் தொடங்கியது.

சாரம்மாள் ஓசையில்லாமல் அழுதாள். அவளுக்கு அப்படித்தான் அழ முடியும். பாக்கியசீலன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அந்த வார்த்தை என்ன? மிச்சம் வைத்துக்கொண்டு வந்தாளே, அன்றைக்கு வீட்டில் தன்னிடம் என்ன சொன்னாள்? எவ்வளவு துழாவியும் ஒன்றுமே கைக்கு வரவில்லை.

"அன்னைக்கு வந்து எங்கிட்ட என்ன சொன்ன சாரா? சொல்லு. எழுதிக் காட்டு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிலேட்டை எடுத்தாள். கொஞ்ச நேரம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். கோபமாக இல்லை. பிறகு எழுதினாள்:

'சனிக்கிழமைதான? நீங்க பாடிட்டு வந்த களைப்புல தூங்கிட்டீங்க.'

அவர் வாசித்துவிட்டார் என்று தெரிந்ததும் முந்தானையால் அதை அழித்தாள்.