கான்ஃபரன்ஸுக்கு வர முடியாது

அண்ணனுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கணக்கே இருக்காது. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பெரிய லீக், வலப்பக்கம் சின்ன லீக். இரண்டும் அமெரிக்கக் கல்லூரிகள் கூடைப்பந்து ஆடும் லீக்குகள். எந்த லீக்கில் ஆடியவர்கள் பின்னால் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பேர் வாங்கினார்கள் என்று கோட்டுக்கு இரண்டு பக்கமும் பெயர்களாக எழுதி வைத்திருப்பான். ஜாலான் புசாருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் மூவறை வீட்டில், சாப்பாட்டு மேசையின் மேல், சாம்பார் கறையோடு அந்த நோட்டு எப்போதும் திறந்தே கிடக்கும்.

நான் பெரிய லீக்கின் கட்சி. பெயர்கள் அந்தப் பக்கம்தான் வழிந்தன. நட்சத்திரங்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள், இதில் பேச என்ன இருக்கிறது என்பேன். அண்ணன் சிரிப்பான். "அங்க என்னை மாதிரி ஆளு நாலு வருஷமும் பெஞ்சுலதான் உக்காரணும்லா. சின்ன லீக்னா முதல் வருஷமே ஆட விடுவாங்க. ஆடினாத்தானே யாராச்சும் பாப்பாங்க?" என்பான். எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்காதே, எத்தனை பேர் உள்ளே போய் எத்தனை பேர் தேறினார்கள் என்று பார் என்பது அவன் வாதம். அவன் சொன்னதுதான் சரி. அது எனக்கு அப்போதே தெரியும். தோற்கப் பிடிக்காமல் எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

அவன் ஆடுவதைப் படம் பிடித்து, டிவிடியில் பதிந்து, இரண்டு லீக்குகளிலும் இருந்த கல்லூரிகளுக்கு அனுப்பினோம். அதற்குள் அவன் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவைக்குப் போய்விட்டான். வாரக் கடைசியில் கேம்ப்பிலிருந்து வந்தால், தோளிலிருந்து பையை இறக்கும் முன்பே, "யாராச்சும் கூப்பிட்டாங்களா?" என்றுதான் கேட்பான். வேறு எதற்கும் அவன் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு பள்ளி விடுமுறைக் காலையில் அந்த அழைப்பு வந்தது. துவாஸ் கப்பல் பட்டறையில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்திருந்த அப்பாதான் எடுத்தார். நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது போனை வைத்துக்கொண்டிருந்தார். "அமெரிக்காலேர்ந்து ஒருத்தர்மா. அண்ணன் அவங்க கான்ஃபரன்ஸுக்கு வருவானான்னு கேட்டாரு. அவன் ஆர்மில இருக்கான் சார், கான்ஃபரன்ஸுக்கெல்லாம் வர முடியாதுன்னு சொல்லிட்டேன்," என்றார். வெள்ளைக்காரரிடம் மரியாதையாகப் பேசிவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

அப்பாவுக்குக் கான்ஃபரன்ஸ் என்றால் ஹோட்டலில் குளுகுளு அறை, கழுத்தில் அட்டை, மதியம் பஃபே. அவருடைய மேலதிகாரிகள் போய்வருவது. கல்லூரி லீக்கைத்தான் அமெரிக்கர்கள் கான்ஃபரன்ஸ் என்பார்கள் என்று அந்த வீட்டில் அண்ணனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். நாங்களோ எங்களுக்குள் லீக், லீக் என்றே பேசிப் பழகியிருந்தோம். அப்பா காலண்டர் தாளில் குறித்து வைத்திருந்த கல்லூரிப் பெயரைப் பார்த்தேன். சின்ன லீக்.

உடனே சொல்லியிருக்கலாம். திருப்பிக் கூப்பிட வைத்திருக்கலாம். எனக்குப் பதினைந்து வயது, ஒரு கல்லூரியின் எண்ணைத் தேடி எடுக்கத் தெரியாத வயதில்லை. ஆனால் சொன்னால் அப்பா தாங்க மாட்டார் என்று தோன்றியது. இன்னும் நிறையப் பேர் கூப்பிடுவார்கள், பெரிய லீக்கே கூப்பிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். வர முடியாது என்று சொன்னவனை யார் மறுபடி கேட்பார்கள்? சனிக்கிழமை அண்ணன் வந்து, "யாராச்சும்?" என்றான். இல்லை என்றேன். அடுத்த வாரமும் இல்லை என்றேன். இப்படி எத்தனை வாரம். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. சேவை முடிவதற்குள் அவன் கேட்பதையே விட்டுவிட்டான். பாவி நான், அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்போது அண்ணனுக்குத் துவாஸில் ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறான். போன மாதம் அப்பாவின் வீட்டில் மூவரும் உட்கார்ந்து தொலைக்காட்சியில் ஓர் ஆட்டம் பார்த்தோம். சின்ன லீக்கிலிருந்து வந்த ஒருவன் எறிந்ததெல்லாம் கூடைக்குள் விழுந்துகொண்டிருந்தது. அப்பா திடீரென்று, "ஒன்னையும் ஒருவாட்டி கூப்பிட்டாங்கடா, ஏதோ கான்ஃபரன்ஸுக்கு. நீ அப்ப ஆர்மில இருந்தே," என்றார், பெருமையாக.

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமாப்பா, தங்கச்சி அப்பவே சொன்னா. எப்படியும் எனக்கு லீவு கெடச்சிருக்காது," என்றான்.

கிளம்பி வெளியே வந்து லிஃப்டுக்காக நின்றோம். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"எந்த லீக்?"

பெரியது என்று சொல்லியிருக்கலாம். போயிருந்தாலும் பெஞ்சில்தானே உட்கார்ந்திருப்பேன் என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பான். அந்தப் பொய் என் நாக்கு நுனி வரை வந்தது.

"சின்னது," என்றேன்.