செல்வி கொடுத்துவிட்ட குளிசை

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில் கலஹாவில், தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் இருக்கிறோம். கடைசி மகள் செல்விக்கு, கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே வளர்ந்து வயிற்றை முறுக்கும் வருத்தம். எண்டோமெட்ரியோசிஸ் என்பார்கள். ஒப்பரேஷனில் கர்ப்பப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். அதனால் உடம்பில் குறைந்துபோன ஹார்மோனுக்கு இரண்டு வகைக் குளிசை கொடுத்தார்கள்.

அதில் ஒன்று, அம்மன் திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட எங்கள் பெண்கள் விழுங்கும் அதே குளிசை.

"எனக்குத்தான் தீட்டே இல்லையேம்மா, இது எதுக்கு?" என்று செல்வி அதை லயத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாள். மற்றதை மட்டும் போட்டாள். சில மாதத்தில் பழைய வலி திரும்பியது. மறுபடியும் ஒப்பரேஷனோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கண்டியில் கிளினிக்குக்குப் போனோம். என் மகள் எதையும் மறைக்கவில்லை. அங்கே காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழ, "திருவிழாவுக்குக் கேட்டவங்களுக்குக் கொடுத்துட்டேங்க டொக்டர்" என்றாள்.

டொக்டரம்மா ஏசவில்லை, சிரித்தார். "அம்மனுக்கு சந்தோஷம்தான். ஆனா உள்ளுக்கு மிச்சமிருக்கிற சவ்வை நீங்க போட்ட குளிசை எழுப்பி விட்டுரும். நீங்க கொடுத்துட்டதுதான் அதைத் தூங்க வைக்குது. ரெண்டையும் போடுங்க."

மெல்ல மெல்ல வலி அடங்கியது. இப்போது கொழுந்து எடுக்கும்போது யாராவது அந்தக் குளிசையைக் கேட்டால், "டொக்டர்கிட்டயே போய்க் கேளுங்கடி" என்கிறாள். நானும் எந்தக் குளிசை தந்தாலும் எதற்கென்று கேட்காமல் வருவதில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதித் தந்தது செல்வியின் மகள் தர்ஷினி. எங்கே, வாசி பார்ப்போம் கண்ணு. உங்கம்மா டொக்டர்கிட்ட சொன்னதை மட்டும் கொஞ்சம் சத்தமா வாசி.