இருண்ட மானிட்டரும் என் ஓட்டமும்

திரை இருண்டுவிட்டால் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று நம்பியவன் நான். அதுவும், திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றில் பார்வையில்லாத மாணவர்களுக்குப் பேசும் கம்ப்யூட்டர் அமைத்துக்கொடுக்கும் வேலையில் இருந்துகொண்டு.

அது ஃப்ளாப்பி காலம். ஷைனி என்ற பார்வையில்லாத மாணவி, சொல்லச் சொல்ல எழுதித்தர ஆள் வைத்துக்கொள்ளாமல் தானே டைப் செய்து பரீட்சை எழுத, நானும் என்னோடு அதே பிரிவில் இருந்த லதா டீச்சரும் இரண்டு வருஷம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தோம். சொதப்பினால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள்.

பாதிப் பரீட்சையில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஷைனியின் திரை கும்மிருட்டு. எழுதியதெல்லாம் போச்சு என்று ஒற்றைச் செருப்போடு ஓடி, பிரின்சிபாலையே இழுத்துவந்தேன்.

காவலிருந்த லதா டீச்சர், "எந்தா சாரே, எங்கேயாவது தீப்பிடிச்சதா?" என்றார்.

ஷைனி ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "மானிட்டரை நான்தான் அணைச்சேன் சாரே. எனக்கு எதுக்கு அது, கரண்ட்டுக்குக் கேடா? நீங்க போங்க, என் டைம் போகுது."

பிரின்சிபாலே சிரித்துவிட்டார். லதா டீச்சர் இன்றைக்கும் சிரிக்கிறார். வேலை அலுக்கும் நாட்களில் எங்கள் இருவரையும் தாங்குவது அந்தச் சிரிப்புதான். இப்போதெல்லாம் ஓடுவதற்கு முன், கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

ஷைனி மூன்று மணி நேரமும் தானே எழுதினாள். பாஸானாள்.