சுற்றுக்கு ஆறு விநாடி

மதலைமுத்துவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் பாதி கேட்கும். மீதியை எதிரில் நிற்பவரின் வாயசைவைப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்வான். 1944-இல் மணிப்பூர்ப் பாதையில் ராணுவ லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு குண்டு விழுந்தது. லாரி தப்பியது, அவனும் தப்பினான், காது போயிற்று. யுத்தம் முடிந்து பெங்களூர் ஆஸ்டின் டவுனுக்குத் திரும்பியவன் மனைவி பிரிஜெட்டிடம் மட்டும் இதைச் சொன்னான். செவிட்டு டிரைவரை யார் வேலைக்கு வைப்பார்கள்?

பிரிஜெட் சிகரெட் ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். மெஷின் இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டிலும் அப்படியே பேசியதால் அந்த வீட்டில் தினமும் சண்டை என்று தெருவில் பேச்சு. அடுத்த வீட்டு லட்சுமம்மா ஒருநாள் சமாதானம் பண்ணவே வந்துவிட்டாள். உள்ளே போய்ப் பார்த்தால் புருஷனும் பெண்டாட்டியும் குழம்பில் உப்புப் போதுமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

1947 கடைசியில், ரெசிடென்ஸி ரோடில் சீனிவாசராகவன் நடத்திய மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் மதலைமுத்து சேர்ந்தான். பழுது பார்த்த கார்களை ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டதா என்று சொல்லும் வேலை. மற்ற மெக்கானிக்குகள் ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். இவன் பிடியைப் பல்லால் கடித்துக்கொள்வான். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த வால்வு தட்டுகிறது என்பதெல்லாம் பல் வழியாக மண்டைக்குள் இறங்கிவிடும். ஏதோ அவனுடைய கிறுக்கு என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அவன் சொன்னது ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது.

சீனிவாசராகவனுக்குக் கார் பந்தயத்தில் பைத்தியம். எஞ்சினீயரிங் படித்தவர். கண்ணாடி இல்லாமல் பத்தடிக்கு அப்பால் தெரியாது என்பதால் தானே ஓட்ட முடியவில்லை. 1950-இல் இங்கிலாந்திலிருந்து இரண்டு பேர் உட்காரும் பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி மதலைமுத்துவிடம் ஒப்படைத்தார். ஒவ்வொரு ஜனவரியும் எலஹங்கா பக்கம் யுத்தத்துக்காகப் போட்டுச் சும்மா கிடந்த விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். முனைகளில் எண்ணெய் டிரம்மும் வைக்கோல் கட்டும் வைத்து வளைவுகளை அமைப்பார்கள். காப்பித் தோட்டக்காரர்கள், டாக்டர்கள், ராணுவ அதிகாரிகள் என்று சொந்தக் காரோடு வருபவர்கள்தான் அதிகம். சம்பளத்துக்கு ஓட்ட வந்தவன் இவன் ஒருவன்தான்.

பச்சை வண்டி லேசில் வசப்படுகிற சாதி இல்லை. உயரமான கம்பிச் சக்கரம், ஒல்லியான டயர், மாட்டு வண்டி போல விறைப்பான ஸ்பிரிங். ஸ்டியரிங்கைப் பிடித்தால் தரையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கையில் வந்து தட்டும். எஞ்சினின் அதிர்வு பெடல் வழியாகப் பாதத்தில் ஏறும். வளைவில் பின்சக்கரம் வழுக்கப் போவதற்கு முன்னாலேயே இடுப்பு எலும்புக்குச் சேதி வந்துவிடும். ஒரு நிமிஷம் சும்மா இருக்க விடாது. திருப்பிக்கொண்டும் அணைத்துக்கொண்டும் இருக்க வேண்டும். இருபது சுற்று முடித்து இறங்கும்போது தோள் இரண்டும் கழன்றுவிடும் போல வலிக்கும், முகத்தில் சிரிப்பு மாறாது. காது கேட்கவில்லை என்கிற நினைப்பே அந்த வண்டிக்குள் அவனுக்கு வந்ததில்லை. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி எடுத்துக்கொள்வான்.

1957 செப்டம்பரில் புது வண்டி வந்து இறங்கியது. வெள்ளை நிறம். ஆற்றுக்கல்லைப் போல வழவழவென்ற உடம்பு, அகலமான டயர், முன்சக்கரங்களுக்குத் தனித்தனி ஸ்பிரிங், தரையில் கார்ப்பெட், எஞ்சினுக்கு அடியில் கனத்த ரப்பர். ஓடுதளத்துக்குக் கொண்டுபோய் மதலைமுத்துவை உட்கார வைத்தார்கள். நேரம் குறிக்க நோரா இருந்தாள். ஒர்க்‌ஷாப் ஆபீசில் டைப்பிஸ்ட். காக்ஸ் டவுனிலிருந்து வருபவள். பந்தயத்தில் ஸ்டாப் வாட்ச்சும் நோட்டும் அவள் பொறுப்பு.

மூன்றாவது சுற்றிலேயே அவள் துள்ளிக் குதித்தாள். "ஒன் ஃபார்ட்டி சிக்ஸ்! முத்து, ஆறு செகண்ட் கம்மி மேன்!"

சீனிவாசராகவன் கைதட்டினார். மதலைமுத்து இறங்கி வந்தான். வண்டி ஓடியதே தவிர, எப்படி ஓடியது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஸ்டியரிங்கில் தட்டல் இல்லை, பாதத்தில் அதிர்வு இல்லை. எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று தெரிய ஒவ்வொரு தடவையும் கண்ணை ரோட்டிலிருந்து எடுத்து மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வளைவில் பின்பக்கம் வழுக்கியதை, வைக்கோல் கட்டு பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் கண்டான்.

"எப்படிடா இருக்கு?" என்றார் சீனிவாசராகவன்.

"ஸ்பீடா இருக்குது சார்," என்றான்.

மூன்று மாதம் பழகிப் பார்த்தான். அவ்வப்போது ஒரு நிமிடம் நாற்பத்தைந்து வந்தது. வந்ததற்குக் காரணம் அவனுக்குத் தெரியாது. வராதபோதும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் உட்கார்ந்திருக்கும்போது கூட அந்த வளைவு கண்ணில் வந்தது.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் அது நடந்தது. நேர்ச்சாலையில் கியர் மாற்ற வேண்டிய இடத்தில் ஒரு மாட்டைக் கவனித்தவன் முள்ளைப் பார்க்க மறந்துவிட்டான். எஞ்சின் வீறிட்டது. ஓரத்தில் நின்ற எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவன் அப்படியே மிதித்துக்கொண்டு போனான். பிறகு முள்ளைப் பார்த்தான். சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. வண்டியை நிறுத்தியபோது பானெட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

சீனிவாசராகவன் ஓடி வந்தார். "என்னடா பண்றே? எஞ்சின் தொண்டை கிழியக் கத்திண்டிருக்கு, மிதிச்சுண்டே போறியே! காது கேக்கலையா நோக்கு?"

கோபத்தில் யாரும் கேட்கிற கேள்விதான். மதலைமுத்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கேக்கல சார்," என்றான். "யுத்தத்துல போச்சு. இந்தப் பக்கம் சுத்தமா இல்ல. இந்தப் பக்கம் கொஞ்சம்."

சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "பத்து வருஷமாவா?"

"ஆமா சார்."

"பொண்டாட்டி புள்ளைகளோட போற கார் எத்தனை, முத்து? அத்தனையும் நீ சரின்னு சொன்னியேன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லப்படாதா எங்கிட்ட?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவர் அப்படிக் கேட்டதை உதட்டிலிருந்து படித்தபோது அவனால் நிமிர முடியவில்லை. "நீ ஆத்துக்குப் போ. நான் சொல்லி அனுப்பறேன்," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். வெள்ளை வண்டி, லிங்கராஜபுரத்திலிருந்து வேலைக்கு வரும் இன்னொரு டிரைவர் ராஜேந்திரனிடம் போயிற்று.

ஒரு வாரம் மதலைமுத்து வீட்டிலேயே கிடந்தான். பிரிஜெட் கோபத்தில் பொரிந்தாள். "ஒரு கார்லயாவது தப்பு வந்துச்சா? ஒருத்தனாவது திரும்பி வந்து உங்களக் கேட்டானா? நேரா போயி அந்த அய்யங்கார்கிட்ட கேளுங்க!"

"தப்பு வரல. ஆனா மறைச்சேன் இல்ல பிரிஜெட்டு? அவரு நம்புனாரு."

பிரிஜெட் சாப்பாட்டை எடுத்து வைத்தாள்.

அந்த வாரத்தில் நோரா தன் நோட்டுகளை எடுத்துக்கொண்டு முதலாளியின் மேஜைக்குப் போயிருக்கிறாள். எட்டு வருஷத்து நேரங்களும் அதில் இருந்தன. போன ஜனவரியில் பச்சை வண்டியில் மதலைமுத்து ஓட்டிய இருபது சுற்றையும் வரிசையாகக் காட்டினாள். முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் அரை விநாடி வித்தியாசம். வெள்ளையிலோ நாற்பத்தாறு, ஐம்பத்தொன்று, நாற்பத்தைந்து, ஐம்பது என்று தாறுமாறு. "சார், இந்த வண்டியில மட்டும்தான் அவன் செவிடன்," என்றாளாம். பிற்பாடு அவளே சொன்னது.

சனிக்கிழமை காலையில் சீனிவாசராகவன் பச்சை வண்டியோடு ஆஸ்டின் டவுன் தெருவில் வந்து நின்றார். ராஜேந்திரன் ஓட்டி வந்திருந்தான். தெருவே கூடிவிட்டது. மதலைமுத்து பனியனோடு வெளியே வந்தான்.

"சட்டையப் போட்டுண்டு வா," என்றார். "ஒண்ணு தெரிஞ்சுக்கணும் நேக்கு."

ஓடுதளத்தில் வெள்ளை வண்டியும் தயாராக நின்றது. சீனிவாசராகவன் பையிலிருந்து பஞ்சு எடுத்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டார். அதன்மேல் ஒரு மஃப்ளரை இறுகச் சுற்றிக்கொண்டு பச்சை வண்டியில் மதலைமுத்துவின் பக்கத்தில் ஏறினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டார். "கியர் மாத்தற நேரம் வந்தா நான் கையத் தூக்குவேன். சரியான்னு நீ பாரு."

முதல் சுற்றில் அவர் கை முந்தியும் பிந்தியும் எழுந்தது. இரண்டாவதில் நெருங்கி வந்தது. மூன்றாவது சுற்றில் மதலைமுத்துவின் கால் கிளட்சில் அழுந்தும் அதே கணத்தில் அவர் கை உயர்ந்தது, நான்கு தடவையும். கடைசி வளைவில் வால்பக்கம் நகரத் தொடங்கியதும் "ஆ!" என்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு வெள்ளையில் ஏறினார்கள். ஐந்து சுற்று. ஒரு முறைகூட அவர் கை சரியான நேரத்தில் எழவில்லை.

இறங்கி, பஞ்சை எடுத்துப் போட்டார். "சோபால உக்காந்துண்டு போற மாதிரின்னா இருக்கு! என்ன நடக்கறதுன்னே தெரியல. இதையா மூணு மாசம் ஓட்டினே?"

"ஆனா இதுதான் ஸ்பீடு சார். அதுல பொய் இல்ல. ராஜேந்திரனுக்குக் காது இருக்குது, அவன் ஓட்டுனா இன்னும் கொறையும்."

"ஓட்டட்டும். நீ பச்சைய எடுத்துக்கோ. திங்கக்கிழமை வேலைக்கு வா. கஸ்டமர் வண்டிய டெஸ்ட் பண்றச்சே கூட ஒருத்தன் உக்காரணும், கீச்சு மூச்சுன்னு சத்தம் வந்தா சொல்றதுக்கு. இனிமே எதையும் மறைக்காதே."

மதலைமுத்து தலையை ஆட்டினான்.

பந்தய கிளப்பில் எல்லாவற்றையும் சீனிவாசராகவன் திறந்து சொல்லிவிட்டார். காரியதரிசி தயங்கினார். "கொடியைக் கண்ணாலதானே சார் பாக்கணும்? காது எதுக்கு?" என்று நோரா கேட்டதும் சிரித்துவிட்டு, பின்னால் வருவது தெரிய வண்டியின் இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து, கடைசி வரிசையிலிருந்து புறப்படட்டும் என்று சம்மதித்தார்.

அந்த ஜனவரியில்தான் பிரிஜெட் முதன்முறையாகப் பந்தயம் பார்க்க வந்தாள். வண்டிகள் வெயிலில் பளபளத்துக்கொண்டு கிளம்பின. ராஜேந்திரனின் வெள்ளை முதல் வளைவிலேயே முன்னால் போய்விட்டது; பதினெட்டாவது சுற்றில் பின்னாலிருந்து வந்து பச்சையை ஒரு முழுச் சுற்றுத் தாண்டியும் போயிற்று. மதலைமுத்து கண்ணாடியில் பார்த்து வழிவிட்டுக் கையசைத்தான். அதற்குள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக ஆறு வண்டிகளைத் தாண்டியிருந்தான்.

அடுத்த சுற்றில் இடுப்பின் இடதுபக்கம் ஏதோ குழைந்த மாதிரி இருந்தது. பின்டயரில் காற்று இறங்குகிறது என்று உடனே புரிந்தது. இடது சக்கரத்தில் பாரம் விழாதபடி வலப்பக்க வளைவுகளில் மெதுவாக்கி, இடப்பக்க வளைவுகளில் விட்டுப் பிடித்து, பூனையைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல வண்டியைக் கோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். பதினொரு வண்டியில் ஐந்தாவது. நிறுத்திப் பத்து நிமிஷத்தில் அந்த டயர் தரையோடு உட்கார்ந்துவிட்டது.

பிரிஜெட் துண்டை நீட்டினாள். "அஞ்சாவதா வந்துட்டு இன்னாத்துக்குங்க இந்தச் சிரிப்பு?"

"டயரு போவுதுன்னு எனக்கு மின்னாடியே தெரிஞ்சிச்சு பிரிஜெட்டு. வெள்ளையா இருந்தா கவுந்திருப்பேன்."

அவள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "என்னை ஒரு தபா உக்கார வெச்சு ஓட்டுங்க. அப்படி இன்னாதான் சொல்லுது அது, பாக்கறேன்."

டயரை மாற்றி, அன்று மாலையே அவளை உட்கார வைத்து எலஹங்காவிலிருந்து ஊருக்கு ஓட்டி வந்தான். பாதி வழியில் அவள் அவன் தொடையைத் தட்டினாள். "இன்னாங்க இது, உக்காந்த எடத்துல குறுகுறுன்னு?"

"மூணாவது கியரு," என்றான்.

1962-இல் சீனாவோடு சண்டை வந்தபோது ஓடுதளத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. அதுவரை மதலைமுத்து இன்னும் நான்கு பந்தயம் ஓட்டினான். மூன்றாவது இடத்துக்கு மேல் ஒருநாளும் வரவில்லை. ராஜேந்திரன் வெள்ளையில் எடுத்த ஒரு நிமிடம் நாற்பத்துமூன்றை யாராலும் குறைக்க முடியவில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த நேரத்தைப் பற்றி மதலைமுத்துவே பெருமையாகச் சொல்வான். அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, பல்லால் கடித்துப் பார்த்து, சரியென்று சொல்லி அனுப்பியது அவன்தான்.