கை எடுக்கட்டும்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள், எதற்கும் காரணம் கேட்பேன். இதைக் கேட்டால் நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அமராவதிபுதூர் போகிற வழியில் ஒரு ஹாலோ பிளாக் கம்பெனி. கலவையை அச்சில் கொட்டினால் மேலிருந்து இரும்புத் தட்டு இறங்கி அமுக்கிக் கல்லாக்கிவிடும். அந்த மெஷினை ஓட்டுகிற புரோகிராமை விஷுவல் பேசிக் என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவர் என் கணவர். அவர் போன பிறகு அது ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி அதைப் பைத்தான் மொழிக்கு மாற்றித் தரச் சொல்லி முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனுஷர் யாருக்கும் காத்திருக்க மாட்டார். நான் பின்னால் சரியாக உட்காருவதற்குள் பைக் நகர்ந்துவிடும், நான் ரசத்தைச் சூடு பண்ணி எடுத்து வருவதற்குள் கை கழுவியிருப்பார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கும், நான் பஸ் பிடித்துப் போய்ச் சேருகிற வரைக்கும் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை, ஆற வேண்டாம் என்றுதான் வைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் எழுதியதை வரிவரியாக மாற்றிக்கொண்டு வந்தால், நம்புவீர்களோ மாட்டீர்களோ, ஓரிடத்தில் தட்டு இறங்குவதற்கு முன் மெஷினைக் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வைத்திருக்கிறார். பக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பு: கை எடுக்கட்டும். அச்சின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஜல்லியை வழித்துவிடும் பெண்களுக்காக எழுதியது. ஊரில் யார் யாருக்கோ காத்திருந்திருக்கிறார், பாருங்கள். வயிறு எரிந்தது. ஆனாலும் அந்த வரியை விடாமல் மாற்றினேன்.

முதலாளி ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எதுக்கு நடுவுல சும்மா நிக்குது? அதத் தூக்கிரு" என்றார்.

"கை மாட்டிக்கிரும்ணே."

"அதெல்லாம் பாத்து எடுத்துக்கிருவாக."

முடியாது என்றேன். முதலாளி கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்து என் கண் முன்னாலேயே அந்த வரியை அழிக்க வைத்தார். அழித்த பிறகு முழுவதையும் நானே படித்துப் பார்த்தேன், நிற்கச் சொல்லி ஒரு எழுத்துகூட இல்லை.

மறுநாள் மத்தியானம் மெஷின் ஓடியது. கல் மளமளவென்று வந்துகொண்டிருந்தது. மனசு கேட்காமல் உள்ளே போய், அச்சுப் பக்கம் வேலை பார்த்த பஞ்சவர்ணத்தின் அருகில் நின்றேன். அவள் கையை உள்ளே விட்டாள். தட்டு அசையவில்லை. அவள் கையை எடுத்தாள், அப்புறம்தான் இறங்கியது.

"என்னக்கா, நீங்களா நிப்பாட்டினீக?"

நான் எதையும் தொடவில்லை. அடுத்த கல்லுக்கும் அப்படியே. பயந்து வெளியே வந்தேன், மெஷின் நிற்காமல் ஓடியது. திரும்ப உள்ளே போனேன், நின்று நின்று ஓடியது. இன்ஜினியர் ஒயரையெல்லாம் பிரித்துப் பார்த்தார், என் போனை வாங்கி ஆபீசில் வைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கச் சொன்னார். அப்போதும் அதே கதைதான்.

"எங்கயோ எதையோ ஒளிச்சு வச்சிருக்க. இனிமே இங்குட்டு வராத" என்று முதலாளி என்னை அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்துப் பஞ்சவர்ணம் போன் பண்ணினாள். "ஒண்ணும் செய்ய வேணாங்க்கா. சும்மா வந்து நில்லுங்க, போதும்." போனேன், கேட்டைத் திறக்கவில்லை. வெளியே தார் ரோட்டில் நின்றால் எதுவும் நடக்காது என்று எனக்குத் தெரியும், இருந்தும் நின்று பார்த்தேன். அந்த மாசமே அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கவனக்குறைவாம். அவள் இடத்தில் இப்போது வேறொருத்தி வேலை பார்க்கிறாள்.

அதோடு முடிந்திருந்தால் மறந்து தொலைத்திருப்பேன். அன்றிலிருந்து வீட்டில் நான் எந்தப் புரோகிராமை ஓட்டினாலும் உடனே ஓடுவதில்லை, ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டுத்தான் கிளம்புகிறது. கம்ப்யூட்டரை மாற்றிப் பார்த்துவிட்டேன். இன்று காலையிலும் அப்படித்தான் நின்றது.

"எனக்கு எதுக்கு இப்பக் காத்திருக்கீக? அங்குட்டுக் கம்பெனியில போயி நில்லுங்க" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்த பிறகுதான் ஓடியது.