புறவாசலுக்கு வராத மாங்குயில்

பறவையை விரட்டித்தான் எனக்குப் பழக்கம். கூப்பிட்டுப் பழக்கமில்லை. சின்ன வயதில் கதிர் முற்றுகிற காலத்தில் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பில் நின்றவள் நான். நான் ஒரு சத்தம் கொடுத்தால் அடுத்த வயலில் மேய்கிற கிளியும் சேர்ந்து எழுந்து போகும். வயசுதான் ஏறியிருக்கிறதே தவிர, தொண்டை இன்னும் இறங்கவில்லை. அப்படிப்பட்டவள் வீட்டுப் புறவாசலில்தான் என் மூத்த மகன் பறவைகளுக்குப் பந்தி வைக்கக் கிளம்பினான்.

அவன் சென்னையில் பேங்க் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தை மாசம் பெண்டாட்டியோடு ஊருக்கே வந்துவிட்டான். எங்கள் வீடு ஆழ்வார்குறிச்சிப் பக்கம். புறவாசலில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, சுவர் தாண்டினால் வாய்க்கால். வந்த புதிதில் தினமும் ஆற்றுக்குப் போய்க் குளித்தான். தெருவில் ஒரு ஆள் விடாமல் பேசித் தீர்த்தான். பேச ஆள் தீர்ந்துபோனதும் அடுக்களைக்குள் வர ஆரம்பித்தான். அடுப்பில் இருக்கிற சட்டியை எல்லாம் திறந்து பார்ப்பான். புளி கூடுதலோ என்பான். பெருங்காயம் போட்டாச்சா என்பான். என் மருமகள் பொறுமைசாலி. ஆனாலும் கரண்டியை அவள் கீழே வைக்கிற சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவன் போனில் அந்தப் படங்களைப் பார்த்தான். எனக்கும் காட்டினான். ஏதோ ஒரு தேசம், பனி கொட்டிக் கிடக்கிறது. மரத்தில் ஒரு பெட்டி தொங்குகிறது. சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று பறவைகள் வந்து, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்து தின்கின்றன. ஒன்று மற்றதைக் கொத்தவில்லை. கீழே ஒரு எச்சம்கூட இல்லை. தின்று முடித்துப் பாட்டு வேறு பாடுகின்றன.

"நம்ம வீட்டுக்கும் வரும்மா," என்றான்.

"அந்தச் சிவப்புக்கு பாஸ்போட்டு எடுக்கணும்லாய்யா," என்றேன்.

அது வராது என்று அவனுக்கும் தெரியும். நம் பக்கத்து மாங்குயில் வரும், மஞ்சள் மஞ்சளென்று இருக்கும், அது ஒன்று வந்தால் போதும் என்றான். கேட்கும்போது எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

கூரியரில் பெட்டி வந்தது. பச்சைக் கூரை, நாலு பக்கமும் கண்ணாடி, கால் வைத்து நிற்கக் கம்பி. நானும் என் வீட்டுக்காரரும் குடித்தனம் தொடங்கிய வீட்டுக்கு இத்தனை ஜன்னல் கிடையாது. கூடவே ஒரு பை தீனி. மேலே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தினை, கம்பு, சூரியகாந்தி விதை. கம்பங்களியே கதியென்று கிடந்து, எப்படா நெல்லுச்சோற்றுக்கு மாறுவோம் என்று ஏங்கியவள் நான். அந்தக் கம்பு இப்போது பளபளக்கிற பையில் ஏறி, பறவைக்கென்று வீடு தேடி வருகிறது.

பெட்டியை முருங்கைக்குப் பக்கத்தில் கழி நட்டுத் தொங்கவிட்டான். முதலில் வந்தது புறா. அதன் கனத்துக்குப் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுத்து தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க நிற்கிற மாதிரி ஒன்றையொன்று ஏசிக்கொண்டது. பிறகு ஒரு அணில் உள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டு, வாடகை வசூலிக்க வந்தவன் மாதிரி வெளியே எட்டிப் பார்த்தது. எல்லாம் மண் நிறம், சாம்பல் நிறம். மகன் முகமும் அந்த நிறத்துக்கு வந்தது.

இது இப்படி இருக்க, பங்குனி பிறந்துவிட்டது. பங்குனி வெயில் என்றால் எனக்குக் கூழ்வத்தல் வெயில். அரிசியை ஊறப்போட்டு அரைத்து, பச்சை மிளகாயும் சீரகமும் சேர்த்துக் கூழாகக் கிண்டி, அச்சில் பிழிந்து வேட்டியில் காயவைப்பேன். என் வத்தல் பம்பாய்க்குப் போயிருக்கிறது, துபாய்க்குப் போயிருக்கிறது. போன வருஷம் மட்டும் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள்தான், சென்னையிலிருந்து போனில், ரொம்பத் தன்மையாக, "அடுத்த வருசம் கடையில வாங்கிக்கிடுவோம் அத்தை, உங்களுக்கு எதுக்குச் செரமம்?" என்றாள்.

செரமம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இன்றைக்கு வத்தல். நாளைக்கு ஊறுகாய். அதற்கடுத்து, நீங்கள் பேசாமல் உட்காருங்கள் என்பார்கள். உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தட்டு வருகிற நேரத்துக்குக் காத்திருப்பதுதான் அவர்களுக்கு வேலை. ஆகவே இந்த வருஷம் வத்தல் நான்தான் போடுவேன், அதுவும் சரியாகப் போடுவேன் என்று முடிவு கட்டியிருந்தேன்.

மாடிப்படி ஏற முழங்கால் விடவில்லை. அதனால் புறவாசலிலேயே கயிற்றுக்கட்டிலைப் போட்டு, வேட்டி விரித்துப் பிழிந்தேன். காக்கை, குருவி அண்டாமல் இருக்க, வழக்கம்போலப் பழைய கறுப்புக் குடையை விரித்துக் கட்டில் தலைமாட்டில் செருகினேன். பெட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாலு எட்டு இருக்கும். அங்கே வா என்று பெட்டி, இங்கே வராதே என்று குடை. பறவைகள் என்ன நினைத்தனவோ.

மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு வந்து பார்க்கிறேன், குடை மடங்கிச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கட்டில் மேல் தவிட்டுக்குருவிகள் நடந்து போகின்றன. ஒரு காக்கை, பிழிந்த வத்தலை முழுசாகத் தூக்கி, வேண்டாமென்று கீழே போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தது. வேட்டியெல்லாம் எச்சம்.

"ஏலே, குடைய மடக்குனது யாரு?"

"நாந்தாம்மா. கறுப்பா எதையும் பக்கத்துல வைக்கக்கூடாதாம். கலர்ப் பறவைக்குப் பயமாம்."

"எவன் சொன்னான்?"

"வீடியோவுல போட்டிருக்கான்."

"அந்த வீடியோக்காரன் வத்தல் போட்டிருக்கானா?"

மருமகள் வந்து பார்த்தாள். கடை என்கிற சொல் அவள் உதட்டு ஓரத்தில் வந்து நின்றதை நான் பார்த்தேன். வத்தலுக்கென்று எடுத்து வைத்திருந்த பழைய அரிசியில் இன்னும் ஒரு ஈட்டுக்குத்தான் மிச்சம். அதுவும் போனால் இந்த வருஷத்தோடு என் கை ஓய்ந்தது என்று எழுதி வைத்துவிடுவார்கள்.

மறுநாள் விடியும் முன்பே எழுந்து கூழ் கிண்டினேன். உப்பை நாக்கில் வைத்து, மறுபடி வைத்து, அதற்கப்புறம்தான் போட்டேன். குடை விஷயத்தில் மகன் மசியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறு, மாங்குயில் வருகிற சமயம், வத்தலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். அறுபது வயசுப் பிள்ளை கெஞ்சினால் என்ன செய்வது? சரி என்றேன். சொல்லிவிட்டுப் பிழிய ஆரம்பித்தேன்.

சொன்னபடி அவன் நாற்காலியைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டான். போட்ட சட்டையைப் பார்க்க வேண்டும். இலை இலையாக அச்சடித்தது; மேய்ச்சல் காட்டுக்குள் போனால் ஆட்டுக்குட்டி கடித்துவிடும். பிடரிவரை மூடுகிற தொப்பி. மடியில் கேமரா, அதன் மூக்கு ஒரு முழம். வீடியோக்காரர்கள் எல்லாம் இப்படித்தான் உட்காருவார்களாம்; இப்படி இருந்தால் மனுஷன் இருப்பதே பறவைக்குத் தெரியாதாம்.

அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு மேலாகத் தலையை நீட்டினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மயினி, அது யாரு?"

"எம் மவன்தான்."

"நான் வத்தலுக்குப் பொம்மை கட்டி வச்சிருக்கியளோன்னுலா நெனைச்சேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் கேலிக்குச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் கண் திறந்தது. திரும்பிப் பார்த்தேன். கட்டில் மேல் ஒரு குருவி இல்லை. சுவர்மேல் காக்கை இல்லை. சொந்த வீடு மாதிரிக் குடியிருந்த அணிலையே காணோம். ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டு என் பிள்ளை நட்டநடுவில் உட்கார்ந்திருக்க, சுற்றுவட்டாரப் பறவை அத்தனையும் அவனைப் பார்த்துவிட்டுத் தூரமாகப் போய்விட்டது.

பைய உள்ளே போய் நல்ல காப்பியாகப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"இங்கனயே இரிய்யா. எந்திரிக்காத. உச்சி வெயிலுக்குத்தான் அது தண்ணி தேடி வரும்."

"அப்படியாம்மா?" என்றான். கண்ணில் என்ன ஒரு சந்தோஷம்!

அன்று முதல் அவனை நான் கவனித்த மாதிரி அவன் குழந்தையாக இருந்தபோதுகூடக் கவனித்ததில்லை. பத்து மணிக்கு மோர். அப்புறம் சுண்டல். எழுந்து நடக்கலாமா என்று அவன் காலை நீட்டும்போதெல்லாம், இப்போதுதான் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது என்பேன். உடனே உட்கார்ந்துகொள்வான். வத்தல் மொறுமொறுவென்று காய்ந்தது.

ஒருநாள் உண்மையாகவே மஞ்சளாகத் தெரிந்தது. அடுத்த வீட்டு வேப்பமரத்தில், அவன் முதுகுக்கு நேர் பின்னால், மாங்குயில் வந்து உட்கார்ந்து குரல் கொடுத்தது. அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவரோரம் போய்விடுவான். வத்தலின் அடிப்பக்கம் இன்னும் ஒரு வெயில் கேட்கிறது. துணி காயப்போட வந்த மருமகளும் மாங்குயிலைப் பார்த்தாள். அவன் முதுகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் துணியை உதறிப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள். அந்த அடுக்களையில் இப்போதெல்லாம் சட்டியைத் திறந்து பார்க்க ஆள் கிடையாது.

வத்தலை எடுத்து டின்னில் கொட்டிய அன்று மருமகள் ஒரு பிடி வறுத்தாள். எண்ணெயில் போட்டதும் பூப்போலப் பொரிந்து மேலே வந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உப்பு அளவா இருக்கு அத்தை," என்றாள். இன்னொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "மோர்மிளகாய்க்கு எத்தனை கிலோ மிளகாய் வாங்க?" என்றாள்.

கடைப் பேச்சே வரவில்லை. நானும் நினைவூட்டவில்லை. எத்தனை கிலோ என்று சொன்னேன்.

மகன் அன்று சாயங்காலம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, இது சரிப்பட்டு வராது, பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான். நான் எதையாவது சொல்லும் முன்பே மருமகள் நாற்காலியைத் தூக்கினாள். மிளகாய் காயப்போட நான் கூட்டிப் பெருக்கி வைத்திருந்த மூலையில் கொண்டுபோய்ப் போட்டாள்.

"இங்கன இருந்து பாருங்க," என்றாள். "வெளிச்சம் நல்லா விழும்."

"வருமா?" என்று அவளிடம் கேட்டான்.

"வரும்," என்றாள் மருமகள், சிரிக்காமல். "அத்தைட்ட கேளுங்க."