பௌத்திரத்துக்குச் சொட்டு மருந்து: உடையார்பாளையத்திலிருந்து திருச்சிக்கு நான்கு முறை

இந்த வருடம், 2007 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை, என் தங்கை வீட்டுக்காரர் செல்வராசுவுடன் நான்கு முறை திருச்சி போய் வந்தேன். ஊர் சுற்ற அல்ல, ஆஸ்பத்திரிக்கு. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமிருந்து இதே வைத்தியத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன்.

செல்வராசு சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். இரண்டு வருடம் முன்பு ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி வந்து உடைந்து, சீழ் வடிய ஆரம்பித்தது. ‘மூலம், பௌத்திரம்’ என்று போர்டு போட்ட இடத்தில் இரண்டு தடவை அறுத்துக்கொண்டார். ஆறவில்லை. பக்கத்திலேயே இன்னொரு துளை திறந்தது. திருச்சியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த பிறகுதான், இதற்கு வேர் குடலில் இருக்கிறது, க்ரோன் என்கிற அழற்சி நோய் என்று தெரிந்தது. மாத்திரைக்கு அடங்காததால் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றலாம் என்றார்கள். அதற்கு முன் காசநோய் இல்லை என்று நெஞ்சுப் படமும் தோல் ஊசியும் வைத்து உறுதி செய்துகொண்டார்கள். அதையெல்லாம் முடித்துவிட்டுத்தான், நான் கூடப் போன முதல் பயணம்.

உடையார்பாளையத்தில் காலை ஆறு மணி பஸ். அரியலூர் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். இடம் காலியாக இருந்தும் செல்வராசு கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். எதிரே வந்த லாரிகளில் இரண்டு டிரைவர்கள் அவரை அடையாளம் கண்டு கை காட்டினார்கள். அவர் தலையை மட்டும் அசைத்தார். அரியலூரிலிருந்து ரயில் பிடியுங்கள். கீழப்பழுவூர் வழியாகப் பஸ்ஸும் உண்டு, ஆனால் இந்த நோயாளிக்கு ரயில்தான் தோது. கழிவறை இருக்கிறது, ஒருக்களித்துப் படுக்கவும் முடியும். சுமார் எழுபது கிலோமீட்டர். லால்குடி தாண்டும்போது அவர் கையைத் தொட்டேன். கொதித்தது.

“என்ன மாப்ள, காய்ச்சலா?”

“நேத்து ராத்திரி குளிருச்சு மச்சான். மாத்திரை போட்டிருக்கேன். அங்க போயி சொல்லிக்கிட்டிருக்காதீங்க. மருந்த ஏத்திட்டு வந்துரலாம்.”

அவர் அவசரம் எனக்குப் புரிந்தது. எட்டு மாதமாக வண்டி எடுக்கவில்லை. மருந்துக்காகத் தங்கை பெயரிலிருந்த முந்திரித் தோப்பையும் விற்றாயிற்று. ஆனாலும் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, “காய்ச்சல், குளிர் ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டபோது அவர் இல்லை என்றார். நான், “ராத்திரி இருந்துச்சுங்க” என்றேன்.

செல்வராசு என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஸ்கேன் எடுத்ததில் உள்ளே சீழ் கட்டியிருந்தது. “இந்த மருந்து உடம்போட எதிர்ப்பு சக்தியக் கொறைக்கும்ங்க. சீழ வச்சுக்கிட்டு ஏத்தினா ரத்தத்துல பரவிரும்” என்றார் டாக்டரம்மா. மறுநாள் மயக்கம் கொடுத்துச் சீழை எடுத்து, துளை மூடிக்கொண்டு மறுபடி கட்டாமலிருக்க ஒரு நூலைக் கோர்த்துக் கட்டினார்கள். மருந்து ஏற்றாமலே ஊர் திரும்பினோம். வீட்டில் இறங்கும்போது செல்வராசு தங்கையிடம், “ஒங்க அண்ணன் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா இன்னிக்கே முடிஞ்சிருக்கும்” என்றார்.

மூன்று வாரம் கழித்து முதல் சொட்டு. அதிலிருந்து இரண்டாவது வாரம் ஒன்று, ஆறாவது வாரம் ஒன்று. அதற்குப் பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் சொட்டு ஏற இரண்டு மணி நேரம், பிறகு அலர்ஜி வருகிறதா என்று பார்க்க இன்னும் கொஞ்ச நேரம். காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு வந்துவிடலாம். மருந்து குளிரிலேயே இருக்க வேண்டியது. வெளியே வாங்கி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், ஆஸ்பத்திரியிலேயே வரவழைக்கச் சொல்லுங்கள். மாற்று வேட்டி இரண்டு, பஞ்சு, ஒரு ரப்பர் ஷீட் பையில் இருக்கட்டும்.

இரண்டாவது சொட்டுக்குப் பிறகு வடிவது குறைந்தது. நூலை எடுத்தார்கள். மூன்றாவதற்குப் போகும்போது ஒரு துளை மூடியிருந்தது. இன்னொன்றில் இன்னும் ஈரம் இருக்கிறது. முழுக்க ஆறிவிடும் என்று யாரும் எங்களுக்கு உறுதி சொல்லவில்லை.

மூன்றாவது சொட்டு ஏறிய அன்றைக்குப் பக்கத்துக் கட்டிலில் பெரம்பலூர்ப் பெண் ஒருத்தி, முதல் சொட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய அப்பா செல்வராசுவிடம், “தம்பிக்கு ஒடம்புக்கு என்னங்க?” என்று கேட்டார். இந்த இரண்டு வருடத்தில் கூட வேலை செய்த டிரைவர்களிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. பேச்சை மாற்றுவார் என்றுதான் நினைத்தேன்.

“பௌத்திரம்ங்க. கொடல்ல இருந்து வருது” என்றார்.

அந்தப் பெண் மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். “ஒக்கார முடியுதாண்ணே?”

“இப்ப முடியுதும்மா. போன வாரம் அரை மணி நேரம் வண்டி ஓட்டுனேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “காய்ச்சல் வந்தா மட்டும் மறைக்காத. நான் மறைச்சேன். எங்க மச்சான் சொல்லிட்டாரு, இல்லாட்டி நான் இன்னிக்கு உசுரோட இங்க படுத்திருக்க மாட்டேன்.”

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். துணி எத்தனை முறை மாற்றுவது, நூல் உறுத்துமா, கல்யாணம் ஆனவர்கள் இதைக் கட்டிக்கொண்டவரிடம் எப்படிச் சொல்லுவது. அவள் அப்பா எழுந்து வெளியே போனார், நானும் போனேன். டீ குடித்துத் திரும்பியபோது செல்வராசுவின் பாட்டில் காலியாகியிருந்தது. ஊசியை எடுக்க நர்ஸ் நின்றுகொண்டிருந்தார்.

“ரெண்டு நிமிஷம் இருங்கம்மா, இந்தப் புள்ள கேட்டதுக்குச் சொல்லிர்றேன்” என்றார் செல்வராசு.